எண்ணூற்று நாற்பது சேலையும் ஒரு கட்டைவிரலும்

துள்ளியது பஸ்ஸா பட்டியலா என்று கோகிலவாணிக்குத் தெரியவில்லை. ரங்கம்பாளையம் தாண்டியதும் ஒரு வேகத்தடை வந்தது, அதில் பஸ் குதித்த அதே நொடியில் கையிலிருந்த போனில் சேலைகளும் குதித்த மாதிரி இருந்தது, அப்புறம் இரண்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓட ஆரம்பித்துவிட்டன. யோசித்துப் பார்த்தால் இதைவிடக் கூறுகெட்ட சோதனைச்சாலை உலகத்தில் இருக்காது, ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகிற டவுன் பஸ், பத்தரை மணி வெயில், ஜன்னல் கம்பி கடகடவென்று ஆடுகிறது, பக்கத்து சீட்டு அம்மாவின் மடியில் ஒரு கட்டு வாழையிலை, அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர் இவள் சுடிதாரை நனைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் வேறெங்கே போய்ச் சோதிப்பது, மூன்று வாரமாக இந்தச் சேலை ஆப்பை ஏசிக்குக் கீழே மேசைமேல் வைத்துச் சோதித்த லட்சணம்தானே இது. அதுவும் யார் போனில், முதலாளி தண்டபாணியின் போனில், அது இருக்கிற விலைக்கு ஒரு மொபெட் வாங்கலாம், அதில் எதை ஓடவிட்டாலும் வெண்ணெயாக ஓடும். இப்போது கையில் இருப்பது மணிக்கூண்டுப் பக்கம் பழைய போன் கடையில் தேடிப் பிடித்தது, மூலையில் விரிசல், கொஞ்சம் அதட்டினால் சூடேறிவிடும். சென்னிமலையில் சொர்ணாம்பாக்காவும் அவருடைய ஆட்களும் வைத்திருப்பது இதே ரகம். முதல் நாளே இதை வாங்கியிருக்க வேண்டும். ஆப் எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற கிறுக்குத்தனம் இதுதான், நல்ல போனில் எழுதி, நல்ல போனில் பார்த்து, நல்லாயிருக்கு என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொள்வது.

சொர்ணாம்பாக்கா கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. போன வியாழக்கிழமை போன் பண்ணி, குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்கிற குரலில், படம் நொண்டுதுங் அம்மிணி என்றார். அந்த ஒரு வார்த்தை ஆறு நாளாகக் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் வைத்துச் சேலை விற்கிற பெண்கள் அறுபது பேர் சொர்ணாம்பாக்காவிடம் இருக்கிறார்கள், சுற்று வட்டாரத்தில் ஊருக்கு இரண்டு பேர், வீடு வீடாகப் போய்ப் போனில் படம் காட்டி விற்பார்கள். வாங்குகிறவள் அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க வந்து நிற்பாள், அவளுக்கு எண்ணூற்று நாற்பது சேலையையும் சரசரவென்று தள்ளிக் காட்ட வேண்டும், பிடித்தது எதுவென்று கண் சொல்லிவிடும், மனசுக்கு அங்கே வேலையே இல்லை. அந்த ஓட்டத்தில் படம் தடுக்கி நின்றால் அவள் சோற்றை நினைத்துக்கொள்வாள், உள்ளே போய்விடுவாள், போனவள் திரும்ப மாட்டாள். அதனால் புதன்கிழமை வரைக்கும் பார்க்கிறோம், அப்புறமும் நொண்டினால் பழையபடி வாட்ஸ்அப்பிலேயே போட்டோ போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். இன்றைக்குப் புதன்கிழமை. தண்டபாணியும் சொல்லிவிட்டார், அவர் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொன்னார், இது ஆகலைன்னா பரவால்லைங்க, பள்ளிக்கூட வருகைப்பதிவு வேலை அப்படியே உங்களுக்காகக் காத்துட்டிருக்கு என்று. ஒன்பது வருஷம் அவள் செய்தது அதுதான். கட்டம், கட்டத்துக்குள் பெயர், பக்கத்தில் ஒரு டிக். அதில் எதுவும் நகராது. முப்பத்துநாலு வயதில் தானாக உட்கார்ந்து படித்து, தெரியாததைக் கூச்சப்படாமல் கேட்டு, முதல்முறையாக நகர்கிற ஒன்றைச் செய்திருக்கிறாள், அது நொண்டுகிறது என்று ஒருத்தர் சொன்னால் ராத்திரி தூக்கம் எப்படி வரும்.

ஆனால் இப்போது நொண்டவில்லையே. அதுதான் காலையிலிருந்து உள்ளே குறுகுறுவென்று சிரிப்பாக வந்துகொண்டிருக்கிறது, பல் தேய்க்கும்போது சிரித்தாள், இட்லிக்குச் சட்னி மறந்து சிரித்தாள். விரலால் ஒரு சுண்டு சுண்டினாள், பச்சை, குங்குமம், யானைக் கலர், மறுபடி பச்சை, எல்லாம் வழுக்கிக்கொண்டு மேலே போயின. திரையின் மேல் மூலையில் அவளே வைத்த சின்ன அளவுகோல், குட்டிக் குட்டிப் பச்சைக் கோடுகளாக எழும்பித் தாழ்ந்துகொண்டிருந்தது. போன் ஒரு நொடிக்கு அறுபது முறை படம் போடும், ஒரு படத்துக்குப் பதினாறு மில்லி நொடிதான் கெடு, கண்ணை மூடித் திறப்பதற்குள் பத்துப் படம் போட்டாக வேண்டும். கெடுவுக்குள் வேலை முடியாவிட்டால் அந்தப் படத்தைப் போடாமல் தாண்டிவிடும், கோடு சிவப்பாகும், கண்ணுக்கு நொண்டுகிற மாதிரி தெரியும். விஷயம் அவ்வளவுதான். அந்தப் பதினாறுக்குள் பாவப்பட்ட போனை அவள் என்னவெல்லாம் செய்யச் சொல்லியிருந்தாள் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு சேலைக்கும் கேமராவில் எடுத்த முழுப் பெரிய படத்தைத் திறந்து, கட்டைவிரல் நீளத்துக்குச் சுருக்கி, அதற்கடியில் மெத்தென்று ஒரு நிழல் போட்டு, தள்ளுபடி போக விலை எவ்வளவு என்று அந்த நேரத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்து. நிழல் தண்டபாணிக்காக, கல்யாணப் பத்திரிகை மாதிரி எடுப்பாக இருக்கணுங்க என்றார். கரையை மட்டும் பார்க்கக் கேட்டவளுக்கு ஆறு கஜத்தையும் உதறி விரித்து, இஸ்திரி போட்டு, மறுபடி மடித்துக் காட்டுகிற மாதிரி. இப்போது படங்களை முன்கூட்டியே சின்னதாக்கி வைத்தாயிற்று, கணக்கெல்லாம் முதலிலேயே முடித்தாயிற்று, திரையில் தெரிகிறவையும் அதற்குக் கீழே வரப்போகிற நாலைந்தும் மட்டும் தயாராக நிற்கும், மேலே போனதை அப்போதே விட்டுவிடும். நிழலை எடுத்துவிட்டாள். தண்டபாணி இன்னும் கவனிக்கவில்லை.

வெள்ளோடு பக்கம் ரோடு நன்றாக இருக்கும், அங்கே போய்ச் சரியாகச் சோதிக்கலாம் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே விரல் மறுபடி சுண்டியது, நிறுத்த முடியவில்லை, ஆறிப்போன புண்ணைத் தடவிப் பார்க்கிற மாதிரி. வழுக்கிப் போகிற எதைப் பார்த்தாலும் அவளுக்கு அப்படித்தான். எட்டு வயதில், நகராட்சிப் பூங்காவில் ஒரு சிமெண்ட் சறுக்கு, அதில் பாதி தூரத்தில் ஒரு சொரசொரப்பு, வேகமாக வருகிற எல்லோருக்கும் அங்கே வந்ததும் பாவாடை மாட்டிக்கொள்ளும், டவுசர் மாட்டிக்கொள்ளும், எல்லோரும் அங்கே ஒரு எம்பு எம்பி மிச்சத்தைத் தவழ்ந்து முடிப்பார்கள். ஒருத்தருக்கும் அது குறையாகவே தெரியவில்லை, சறுக்கு என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டார்கள். அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. கரண்டு போனால் ஏற்றுவதற்கு வைத்திருந்த மெழுகுவத்தி ஒன்றைப் பாவாடை மடிப்பில் சொருகிக்கொண்டு போய், முட்டி போட்டு உட்கார்ந்து, அந்த இடத்தை முக்கால் மணி நேரம் தேய்த்தாள். அப்புறம் உச்சியில் ஏறி உட்கார்ந்தாள். என்ன ஒரு போக்கு அது, வயிறு மேலே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் கீழே வந்து மணலில் தொப்பென்று விழுந்தது, அதற்குப் பின்னாலேயே இன்னொரு பிள்ளை, அதற்குப் பின்னால் இன்னொன்று, எல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக. வாட்ச்மேன் வந்து காதைத் திருகினார். வலித்ததா என்று நினைவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. மறுநாள் மழை பெய்து எல்லாம் போய்விட்டது.

போய்விடுமோ. இதுவும் போய்விடுமோ. நேற்றுச் சாயங்காலம் நன்றாக ஓடியது, காலையில் நன்றாக ஓடியது, அங்கே போய் அந்தப் பெண்கள் முன்னால், அவர்கள் போனில், அதில் ஆயிரம் குட்மார்னிங் படம் நிரம்பிக் கிடக்கும். அதோடு அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு வேறு. நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. எண்ணூற்று நாற்பதில் மிச்சமெல்லாம் பட்டுப் பட்டென்று போகின்றன, முந்நூற்றுப் பன்னிரண்டாவது சேலை வரும்போது மட்டும் ஒரு தயக்கம், ஒரு சின்ன நிற்றல். ஆபீஸில் தானாகத் தள்ளுகிற நிரலை வைத்து இருநூறு முறை ஓடவிட்டாள், அதில் ஒருமுறைகூட நிற்கவில்லை. கையில் எடுத்தால் நிற்கிறது. அளவுகோலைப் பார்த்தால் அதுபாட்டுக்குப் பச்சையாக நிற்கிறது, சிவப்பு என்பதே இல்லை. அப்படியென்றால் அளவுகோல் பொய் சொல்கிறதா, இல்லை தனக்குத்தான் கண்ணில் ஏதாவது ஆகிவிட்டதா. அந்தப் படத்தை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினாள், சின்னதாக்கினாள், இன்னும் சின்னதாக்கினாள். நிற்கிறது. பட்டியலில் அதன் இடத்தை மாற்றி ஐந்நூறுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தால் ஐந்நூறுக்கு அப்பால் போய் நிற்கிறது. அப்படியானால் படத்தில்தான் ஏதோ. படத்தில் என்ன, எல்லாப் படத்தையும் போல அதுவும் ஒரு படம், அதற்குள் என்ன இருக்கிறது என்று அவள் பார்த்ததுகூட இல்லை, மூன்று வாரமாக எந்தச் சேலையையும் சேலையாகப் பார்த்ததில்லை, எல்லாம் இத்தனை கிலோபைட், இத்தனை மில்லி நொடி. ஒருவேளை முந்தானையை எடுத்ததற்குச் சாபமோ. முதலில் ஒவ்வொரு சேலையும் திரைக்குள் வரும்போது முந்தானை காற்றில் பறந்து விரிகிற மாதிரி ஒரு அசைவு வைத்திருந்தாள், நான்கு நாள் உழைத்தது, முடித்த அன்றைக்குத் தானே பார்த்துப் பார்த்துக் கண் கலங்கியது. எண்ணூற்று நாற்பது முந்தானைகளும் பறந்தால் போன் என்ன ஆகும், மூச்சு வாங்கியது. மொத்தத்தையும் அழிக்கும்போது பெற்ற பிள்ளைக்கு முடி இறக்குகிற மாதிரி ஒரு சங்கடம், அதோடு ஒரு குளுமையும் இருந்தது. அழித்த மறுநிமிஷமே பட்டியல் பாதி வேகம் கூடிவிட்டது, அவளுக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

வெள்ளோட்டில் பஸ் நின்றது. நின்ற பஸ்ஸில் சோதனை செய்ய இதைவிட நல்ல நேரம் கிடையாது என்று அவசர அவசரமாக மேலிருந்து ஆரம்பித்தாள், கண்ணை அளவுகோலை விட்டு எடுக்கவில்லை, பச்சை, பச்சை, பச்சை, இருநூறு, இருநூற்றைம்பது, முந்நூறு, முந்நூற்றுப் பன்னிரண்டு, நின்றுவிட்டது. பஸ்ஸின் மேல் பழி போட முடியாது, பஸ் கல்லாக நிற்கிறது. கண்டக்டர் இறங்கி டீ வாங்கிக்கொண்டிருக்கிறார். மறுபடி மேலே போய் மறுபடி வந்தாள், மறுபடி நின்றது, நெற்றியில் வேர்த்துவிட்டது, சொர்ணாம்பாக்கா முகம் கண்முன் வந்தது, அடுப்பு, சோறு, உள்ளே போகிற பெண், கட்டம், கட்டத்துக்குள் பெயர், பக்கத்தில் ஒரு டிக். அப்போதுதான் வாழையிலைக்கார அம்மா, அவ்வளவு நேரம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவர், இனிப் பொறுப்பதற்கில்லை என்று வாயைத் திறந்தார். ஏதோ கிரகப்பிரவேசத்துக்குப் போகிறாராம், இலை இவர் தோட்டத்து இலை, அதையெல்லாம் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங் அம்மிணி, அந்தக் கத்திரிப்பூக் கலரை எடுத்துட வேண்டீதுதானுங்க. நானும் ஈரோட்டுல இருந்து பாத்துட்டு வர்றேன், ஒவ்வொருக்காவும் அது வந்தா உங்க விரல் தானா எறங்கி அத நிறுத்துது."

கோகிலவாணி திரும்பி அவரைப் பார்த்தாள், அப்புறம் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அது கண்ணாடியின்மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. விரலுக்கடியில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சேலை, கிளிப்பச்சையில் ஒரு விரற்கடைக் கரை, உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓடுகிற கொடி, ஐயோ, என்ன ஒரு சேலை அது. விரலை எடுத்தாள். முந்நூறு வரைக்கும் மேலே போய் அங்கிருந்து சுண்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு புளியமரத்தை எண்ணினாள், இரண்டு எண்ணினாள், ஓரக்கண்ணால் பார்த்தாள், பட்டியல் எங்கும் நிற்காமல் நானூறைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு முறை செய்தாள். நிற்கவில்லை. ஓடுகிற பட்டியலைத் தொட்டால் நின்றுவிடும், அப்படி நிற்க வேண்டும் என்று அவள்தான் எழுதியிருக்கிறாள், அதுவும் எவ்வளவு லேசாகத் தொட்டாலும் நிற்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள். படத்தைக் குறை சொன்னாள், அளவுகோலைக் குறை சொன்னாள், போனை, பஸ்ஸை, சாபத்தைக் குறை சொன்னாள். கோகிலவாணிக்குப் பிடித்த சேலை ஒன்று பட்டியலில் இருக்கலாம் என்று கோகிலவாணிக்குத் தோன்றவே இல்லை. சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தாள், அது மூக்கு வழியாகப் புறப்பட்டு, கண் வழியாகத் தண்ணீராக வந்தது, முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். வாழையிலைக்கார அம்மாவுக்குக் காரணம் புரியவில்லை, ஆனாலும் கூடச் சேர்ந்து சிரித்தார், சிரித்துவிட்டு, கொண்டாங்க நானும் பாக்கறேன் என்று ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிக்கொண்டார்.

அவர் தள்ளுவதைக் கோகிலவாணி பார்த்துக்கொண்டே வந்தாள். போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஆள்காட்டி விரலால், மாவில் கோடு இழுக்கிற மாதிரி. இது அறுவது வயசுக்காரிக்கு, இது எம்மருமகளுக்கு எடுக்காது, இது என்ன சோப்புக் கலரு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு. மூலையில் ஏறி இறங்கும் பச்சைக் கோட்டைக் காட்டி இது வெலை ஏறி எறங்கறதுங்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டாள், சொல்லிவிட்டு அந்த அளவுகோலை அங்கேயே எடுத்துவிடலாம் போலிருந்தது, இனி அது எதற்கு. வெயில் ஜன்னல் கம்பியில் நறுக்கிக்கொண்டு உள்ளே வந்து வாழையிலைமேல் விழுந்தது. காற்றில் யாரோ எருக்குழி கிளறிய வாசனை, டீசல், ஈர இலை, எல்லாம் சேர்ந்து அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. பயம் போய்விட்டதா என்று உள்ளே துழாவிப் பார்த்தாள், இல்லை, ஒரு மூலையில் இருந்தது, இவர் ஒருத்தர் பார்த்தால் போதுமா, அறுபது பேர் பார்க்க வேண்டுமே என்று முனகிக்கொண்டு. சென்னிமலை மலைக்கோயில் படி தூரத்தில் தெரிந்ததும் அது கொஞ்சம் பெரிதானது.

பண்டிகை நெருங்கிவிட்டதால் சொர்ணாம்பாக்கா வீட்டில் நோம்பி வியாபாரம் மும்முரமாக இருந்தது. கூடத்தில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர், விற்கிறவர்கள் நாலு பேர், வாங்க வந்தவர்கள் மிச்சம், நடுவில் ஒரு தட்டு முறுக்கு. கோகிலவாணி நாலு போனையும் வாங்கிப் பழைய ஆப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக் கொடுத்தாள். அப்புறம் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர்கள் தள்ள ஆரம்பித்தார்கள். அந்த மேல இருக்கற கலரு, அதுக்கு முந்தினது, அய்ய, அது போன நோம்பிக்கு எம்பட நாத்தனார் எடுத்தது, தள்ளு தள்ளு, அதை வை. விரல்கள் பறந்தன, அவள் நாலு போனையும் ஒரே நேரத்தில் பார்க்க முயன்று கழுத்து வலித்தது. ஒன்றும் நொண்டவில்லை. ஒருத்தியும் வாயைத் திறந்து, அட, இப்ப நல்லா ஓடுதே என்று சொல்லவும் இல்லை. ஒருத்தியாவது சொன்னால் என்னவாம். முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று, சேலையைத் தவிர எதைப் பற்றியும் பேச்சில்லை. தண்டபாணி போனில் கூப்பிட்டார். என்ன சொன்னாங்க என்று கேட்டார். இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க சார் என்றாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, சரி விடுங்க, நாளைக்கு அந்த வருகைப்பதிவைப் பார்த்துக்கலாம் என்று வைத்துவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லாததுதான் ஜெயித்ததற்கு அடையாளம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது. அந்த நேரம் சொர்ணாம்பாக்கா சமையல்கட்டு வாசலில் நின்று யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார், எல்லாருக்கும் சொல்லிப்போடு, இனி குரூப்புல போட்டோ போட வேண்டாம், அறுபது பேரும் ஆப்புலயே காட்டட்டும், இங்க மூணு பேரு எடுத்துட்டாங்க என்று. சொல்லும்போது கோகிலவாணி பக்கம் திரும்பக்கூட இல்லை.

கோகிலவாணி அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது, யாரையாவது கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொள்ள யாரும் காலியாக இல்லை, எல்லோரும் போனுக்குள் தலையை விட்டிருந்தார்கள். ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். கடைசியில் சொர்ணாம்பாக்கா ஒரு சொம்பு மோருடன் வந்தார், கொடுத்தார், முகத்தை உற்றுப் பார்த்தார், எதையோ ஞாபகப்படுத்திக்கொள்ள முயல்வது தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங் அம்மிணி, வியாபார மும்முரத்துல ஒண்ணுமே ஓடல. நீங்க இப்ப என்ன சோலியா வந்தீங்க?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க" என்றாள் கோகிலவாணி. மோர் புரையேறியது, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, சொர்ணாம்பாக்கா அவள் தலையில் தட்டிக்கொண்டே, மெதுவாக் குடிங்க, மெதுவாக் குடிங்க என்றார்.